ஏற்காட்டு அடிவாரத்தில் அலிபாபாவின் குகை

சென்ற ஆண்டு எங்கள் மதரஸா மாணவர்களை ஏற்காட்டிற்கு அழைத்துச் சென்றோம். ஓசூரில் ஃபஜ்ர் தொழுது புறப்பட்டு, கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் கடந்து, ஏற்காடு சாலையில் பேருந்து சென்றபோது ஒரு பழைய நுழைவாயில் வளைவு தென்பட்டது. "இங்கேதான் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. அலிபாபா படம் எடுத்த கம்பெனி" என்றார் ஓட்டுநர். பின்னிருக்கையிலிருந்து பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து நின்று, மிகுந்த அதபுடன் கேட்டான்: "ஹஜ்ரத், அலிபாபா ரலியல்லாஹு அன்ஹு எந்தப் போரில் கலந்துகொண்ட ஸஹாபி?"

பேருந்தே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால், ஊர் திரும்பிய பின்னும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பெயர் அரபுப் பெயராகவும் தலையில் தலைப்பாகையும் இருந்தால், அவர் நம் முன்னோருள் ஒருவர் என்று அப்பிள்ளை எண்ணியிருக்கிறான். யார் இந்த அலிபாபா? எங்கிருந்து வந்து நம் வீடுகளில் குடியேறினார்?

1956ஆம் ஆண்டு பொங்கலுக்கு வெளிவந்தது 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் அதுதான். டி.ஆர். சுந்தரம் தயாரித்து இயக்க, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தனர், வில்லனாக பி.எஸ். வீரப்பா, சிரிப்பூட்ட தங்கவேலு. இதே கதையில் 1941லேயே என்.எஸ். கிருஷ்ணனும் மதுரமும் நடித்த நகைச்சுவைப் படம் ஒன்று வந்திருந்தது. 1954இல் ஹோமி வாடியா இந்தியில் எடுத்திருந்தார். அக்காலத்தில் ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. தருமபுரி மாவட்டம் பிரிந்தது 1965இல், கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004இல். ஆகவே நம் பாட்டன்மார்க்கு அது 'நம்ம ஜில்லா' படம். என் பாட்டியார், அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக, டூரிங் கொட்டகையின் மணல் தரையில் புர்காவுடன் அமர்ந்து அதைப் பார்த்ததாகச் சொல்லுவார். படம் பார்ப்பது கூடுமா கூடாதா என்பதை முஃப்திகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இது வரலாற்றுக் கட்டுரை.

இனி, மூலக் கதைக்கு வருவோம். 'அல்ஃப் லைலா', அதாவது ஆயிரத்தொரு இரவுகள், என்னும் அரபுக் கதைத் தொகுதியின் பழைய கையெழுத்துப் பிரதிகள் எதிலும் அலிபாபா இல்லை. அந்நூலை 1704 முதல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டுவந்த அந்துவான் கலான் என்பவருக்கு, 1709இல் பாரிஸ் வந்திருந்த ஹன்னா தியாப் என்னும் இளைஞர் வாய்மொழியாகச் சில கதைகள் சொன்னார். அலிபாபாவும் அலாவுதீனும் அவற்றுள் அடக்கம். ஹன்னா அலெப்போ நகரத்து மரோனைட் கிறிஸ்தவர். முதுமையில் அவர் எழுதிய பயணக் குறிப்பு வத்திக்கான் நூலகத்தில் கிடைத்து, 1990களில்தான் அவருடையது என அடையாளம் காணப்பட்டது. கலானின் நூலில் அலிபாபாவின் ஊர் பாக்தாதும் அன்று. பாரசீகத்து ஊர் ஒன்று. ஆக, சிரியாவின் கிறிஸ்தவர் சொல்லி, பாரிஸில் அச்சேறி, பம்பாய் வழியாகச் சேலம் வந்துசேர்ந்த முஸ்லிம் பெயர்க்காரர் இவர்.

குகையைத் திறக்கும் சொல்லையும் பாருங்கள். தமிழில் 'சீசேம்' என்பார்கள். ஓசூரின் உருது வீடுகளில் 'சிம்சிம்'. அரபியில் ஸிம்ஸிம் என்றால் எள். மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. நம் மளிகைக் கடை எள்தான். கதையில் காசிம் குகைக்குள் அகப்பட்டு, பார்லி முதலான தானியங்களின் பெயர்களையெல்லாம் சொல்லித் தவிப்பது ஏன் என்று இப்போது புரியும். வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் படம் பார்ப்பதைவிட அதிகமாகச் சிரித்தார்கள்.

குலேபகாவலி (1955), பாக்தாத் திருடன் (1960) என்று இவ்வகைப் படங்கள் தொடர்ந்தன. 1990களில் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகர் குடும்பத்தாரின் 'அலிஃப் லைலா' வந்தபோது எனக்குப் பதின்பருவம். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்துவந்த தந்தையர், பாட்டிமார், குழந்தைகள் என்று ஒரே தொலைக்காட்சியின் முன் தெருவே அமர்ந்திருக்கும். கூசாமல் குடும்பத்தோடு பார்க்க முடிந்த நிகழ்ச்சி அது. இன்று கைப்பேசியைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அஞ்சும் நமக்கு அதன் அருமை தெரியும். அலி என்ற பெயருடையவரை ஏழைக்கிரங்கும் நாயகனாகத் தமிழ்நாடு கொண்டாடியதையும் நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அடங்கியிருக்கும் பாக்தாத், முகைதீன் ஆண்டகையின் பாக்தாத், திரையில் திருடர்களும் நடன மண்டபமும் மட்டுமே உள்ள ஊராகிவிட்டது. கலீஃபா மன்ஸூர் 762இல் அமைத்த அந்நகரைப் பற்றி என் மாணவர்களிடம் கேட்டால், முதலில் பறக்கும் கம்பளம்தான் வருகிறது.

இதே மாடர்ன் தியேட்டர்ஸ் 1961இல் மலையாளத்தின் முதல் வண்ணப் படத்தையும் எடுத்தது. 'கண்டம் பெச்ச கோட்டு', அதாவது ஒட்டுப்போட்ட கோட்டு. அதன் நாயகர் மம்மதிக்கா, செருப்புத் தைக்கும் ஏழை முஸ்லிம். ஹஜ்ஜுக்காகச் சேர்க்கும் காசை அந்தக் கோட்டில் வைத்திருப்பார். வரதட்சணையால் தடைபட்ட ஒரு திருமணத்திற்காக அதைக் கொடுக்க முன்வருவார். ஹஜ் பணத்தைப் பசித்த அண்டை வீட்டாருக்குக் கொடுத்த திமிஷ்கின் செருப்புத் தொழிலாளியைப் பற்றி, இமாம் அப்துல்லாஹ் இப்னு முபாரக் (ரஹ்) அவர்களோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் நிகழ்ச்சியை அறிந்தவர்க்கு மம்மதிக்கா அந்நியர் அல்லர். இரு மொழிகளிலும் அந்நிறுவனத்தின் முதல் வண்ணம் முஸ்லிம் கதைக்கே வாய்த்தது. ஒன்றில் நம் பெயர் மட்டும் இருந்தது. மற்றொன்றில் நம் வாழ்க்கை இருந்தது. தமிழில் நாம் மனப்பாடம் செய்தது முதலாவதைத்தான்.

மறுவாரம் வகுப்பில் அச்சிறுவனிடம், அலிபாபா ஸஹாபி அல்லர் என்று விளக்கிவிட்டு, வேறொரு குகையைச் சொன்னேன். இப்னு உமர் (ரலி) அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கும் ஹதீஸ் அது. மூவர் ஒதுங்கிய குகையின் வாயிலைப் பாறை அடைத்துக்கொள்கிறது. ஒவ்வொருவரும் அல்லாஹ்வுக்காகச் செய்த ஒரு செயலைச் சொல்லித் துஆ கேட்கப் பாறை சிறிது சிறிதாக விலகுகிறது. மூன்றாமவர், கூலி வாங்காமல் போன தொழிலாளியின் கூலியைப் பெருக்கி, பல காலம் கழித்து அவன் வந்தபோது கால்நடைகளாக ஒப்படைத்தவர்.

அச்சிறுவனின் தந்தை சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. அவன் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "அந்தக் கூலிக்காரர் எல்லா மாட்டையுமே ஓட்டிட்டுப் போனாரா, ஹஜ்ரத்?"

"ஆமாம்" என்றேன். "ஒன்றையும் விட்டுவைக்கவில்லை."