ஊடலும் ‘சல்க்’கும் – ஒரு சொல்லாராய்ச்சி

நம் வீட்டுப் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், “ஏன் சல்க் பண்றே?” என்று கேட்கிறோம். அவர்களோ “மூட் அவுட்” என்று சொல்லி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இந்த ‘சல்க்’ எங்கிருந்து வந்தது, நம்மிடம் இதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்ததில் கிடைத்தவற்றை மலர் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஆங்கிலத்தில் ‘சல்க்’ பழைய சொல் அல்ல. ‘சல்கி’ என்ற பெயரடை 1740களில் எழுத்தில் தென்படுகிறது. வினைச்சொல் அதிலிருந்து பின்னால் உண்டானது. சோம்பிக் கிடப்பதைக் குறித்த ஒரு பழைய ஆங்கிலச் சொல்லோடு இதற்கு உறவு இருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. 1750களில் ஒரே ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய இரட்டைச் சக்கரக் குதிரை வண்டிக்கும் ‘சல்கி’ என்றே பெயர் வைத்தார்கள். பக்கத்தில் யாருக்கும் இடமில்லை அல்லவா! சீமாட்டிகளின் தனியறையைக் குறிக்கும் ‘பூத்வார்’ என்பதும் இந்த வகைதான். உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருப்பதைச் சொல்லும் பிரெஞ்சு வினையிலிருந்து பிறந்த இச்சொல்லுக்கு, உம்மென்று இருக்கும் அறை என்று பொருள். நம் நாட்டிலும் வான்மீகி இராமாயணத்தில் கைகேயி புகுந்தது ‘குரோதாகாரம்’ என்னும் கோப அறைதானே.

ஆக, வண்டியானாலும் அறையானாலும் அங்கே தனிமைதான் கரு. தமிழ் ‘ஊடல்’ அப்படியல்ல. ஊட இருவர் வேண்டும். ஒருவர் ஊடுவார், மற்றவர் உணர்த்துவார். ஊடல் தீர்ப்பதற்கு ‘ஊடல் உணர்த்தல்’ என்று பெயரே உண்டு. வயலும் வயல் சார்ந்த இடமுமான மருதத் திணைக்கு உரிப்பொருளே ஊடல்தான். திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்கள் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. 1330 குறளும் ஊடலின் இன்பத்தைச் சொல்லித்தான் முடிகின்றன.

வள்ளுவர் அளவும் சொல்லித் தருகிறார். புலவி சோற்றில் உப்பு மாதிரி. கொஞ்சம் கூடினாலும் கெட்டுப்போகும். இன்னொரு குறளில் துனி, புலவி இரண்டும் இல்லாத காதலைக் கனிந்துபோன பழத்துக்கும் பிஞ்சுக் காய்க்கும் ஒப்பிடுகிறார். இங்கே பரிமேலழகர் துனியை முதிர்ந்த சச்சரவு என்றும், புலவியை இளையது என்றும் பிரித்துக் காட்டுகிறார். இத்தனை நுணுக்கத்தையும் ஒரே ‘சல்க்’கில் அடக்க முடியுமா?

இலக்கியத்தோடு இது நிற்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் பங்குனி மாதம் நம்பெருமாள் உறையூர் கமலவல்லி நாச்சியாரிடம் போய்த் திரும்பினால், ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்திவிடுவார். மட்டையடி நடக்கும், நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்வார், பிறகு பங்குனி உத்திரத்தன்று சேர்த்தி. திருவண்ணாமலையில் தை 2ஆம் நாள் திருவூடல். அங்கே திருவூடல் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது.

ஓசூர் சாலையில், பொம்மசந்திராவை ஒட்டிய எங்கள் ஹெப்பகோடியில் கன்னடம் பேசும் அக்கம்பக்கத்தார் இதையே ‘முனிசு’ என்கிறார்கள். முதலில் கேட்டபோது எனக்கு ஒரே சந்தோஷம். நம் பழைய இலக்கியத்தில் வரும் முனிதல், முனிவு என்பவற்றின் உடன்பிறப்புத்தான் இது. நாம் பேச்சில் விட்டுவிட்டதை அவர்கள் இன்னும் நாவில் வைத்திருக்கிறார்கள்.

கவலையும் அதனால்தான். அண்டை மொழியில் உறவுச் சொல் உயிரோடிருக்க, நம் பிள்ளைகளுக்கு ஊடல் வெறும் பாடப்புத்தகச் சொல்லாகிவிட்டது. வெளிமாநிலத்தில் வளரும் குழந்தைக்குத் தமிழ்ப் பாடப்புத்தகமும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. காதலர்க்குரிய ஊடலைப் பிள்ளைகளின் கோபத்துக்குச் சொல்ல முடியாதுதான். அதற்குப் ‘பிணக்கு’ இருக்கிறது, ‘கோவிச்சுக்கிறது’ இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் எதிர்ப்பக்கத்தில் ஒரு ஆள் உண்டு. சாத்திய கதவை இரண்டு தட்டுத் தட்டி, “என்னடா கோபம்? வா, சாப்பிடலாம்” என்று கூப்பிட்டுப் பாருங்கள். சொல்லும் பிழைக்கும், பிணக்கும் தீரும்.