தூய தொழில்நுட்பம் கைமாறிய வழி

1992-இல் ரியோ டி ஜெனீரோவில் நாடுகள் கையெழுத்திட்ட காலநிலை உடன்படிக்கையின் 4ஆம் பிரிவு, தூய தொழில்நுட்பம் வளரும் நாடுகளைச் சென்றடைய வளர்ந்த நாடுகள் வழிசெய்யவும் நிதி தரவும் வேண்டும் என்கிறது. வளரும் நாடுகள் தம் கடமையை எவ்வளவு நிறைவேற்றும் என்பது அந்த உதவியைப் பொறுத்தது என்றும் அதே பிரிவு ஒப்புக்கொள்கிறது. 2010-இல் கான்கூன் மாநாடு இதற்கென ஒரு செயற்குழுவையும், கேட்கும் நாட்டுக்கு ஆலோசனையும் பயிற்சியும் தரும் ஒரு மையத்தையும் அமைத்தது. கோபன்ஹேகனிலிருந்து இயங்கும் அந்த மையம் செய்வது நற்பணியே. ஆனால் அதன் கைக்கு வரும் பணம், கொடுக்கும் நாடுகளின் மனத்தைப் பொறுத்தது. தூய தொழில்நுட்பங்களின் காப்புரிமை பற்றிய பேச்சோ மாநாட்டுக்கு மாநாடு முட்டி நின்றது.

ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் உருவான மாண்ட்ரியால் உடன்பாடு இப்படி முடங்கவில்லை. நிதியும் தொழில்நுட்பமும் உறுதியாகாமல் சேர்வதில்லை என்று இந்தியாவும் சீனாவும் நின்றன. 1990 லண்டன் கூட்டத்தில் பன்னாட்டு நிதியம் பிறந்தது. குளிர்சாதனப் பெட்டி செய்யும் ஆலை புதிய வாயுவுக்கு மாற ஆகும் கூடுதல் செலவை, காப்புரிமைக் கட்டணம் உட்பட, அது ஏற்றது. இரு உடன்பாடுகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே என்பது என் எண்ணம்.

சூரிய மின்தகட்டின் கதையில் பேச்சுவார்த்தைக்குப் பங்கு குறைவு. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீனிடம் முனைவர் பட்டம் பெற்ற ஷி ஜெங்ரோங், 2001-இல் சீனாவின் ஊஷி நகரில் சன்டெக் நிறுவனத்தைத் தொடங்கினார். சூரிய மின்சாரத்துக்கு 20 ஆண்டு நிலையான விலை தரும் சட்டத்தை ஜெர்மனி 2000-இல் இயற்றியிருந்ததால் சீனத் தகடுகளுக்குச் சந்தை காத்திருந்தது. கிரீனின் குழு 1980-களில் வடிவமைத்த ஒரு மின்கல அமைப்பு, பின்னாளில் உலகச் சந்தையின் பெரும்பகுதியைப் பிடித்தது. 2010-க்குப் பின் பத்தே ஆண்டுகளில் தகட்டின் விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. ஓர் ஆய்வுக்கூடம் மாணவர்களுக்குக் கதவைத் திறந்ததும், ஒரு நாடு பொருளை வாங்க உறுதி தந்ததும் விளைவித்த மாற்றம் இது.

இந்தியாவும் உள்நாட்டில் செய்த மின்கலங்களுக்குத் தன் சூரிய மின்திட்டத்தில் இடம் ஒதுக்கியது. அமெரிக்கா உலக வணிக அமைப்பில் வழக்கிட்டது. 2016-இல் தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது. தூய தொழிலை வளர்த்துக்கொள் என்று காலநிலை மாநாடு சொல்ல, வளர்க்கும் வழியை வணிக விதி அடைத்தது.

இனி மாநாடுகளுக்குச் செல்லும் நம் பிரதிநிதிகள் பொதுவான வாக்குறுதிகளோடு திரும்ப வேண்டாம். காப்புரிமைக் கட்டணத்தை ஏற்கும் நிதியத்தையும், நம் இளம் ஆய்வாளர்களுக்கு அயல்நாட்டு ஆய்வுக்கூடங்களில் இடத்தையும், தூய தொழில்களுக்கு வணிக விதிகளில் விலக்கையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.