58, 55, 58: ஹைதராபாத்தில் எழுதப்பட்ட ஓய்வு வயது

1983 பிப்ரவரி 28 அன்று ஆந்திரப் பிரதேசத்தில் 18,000-க்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். பொதுத்துறை நிறுவனங்களில் சுமார் 10,000 பேர் அவர்களோடு சேர்ந்து வெளியேறினார்கள். அதற்கு இருபது நாள் முன்பு, பிப்ரவரி 8 அன்று, ஹைதராபாத் தலைமைச் செயலகத்திலிருந்து வந்த அரசாணை ஓய்வு வயதை 58-லிருந்து 55-ஆகக் குறைத்திருந்தது. என்.டி. ராமராவ் முதலமைச்சராகி ஒரு மாதமே ஆகியிருந்தது. படித்துவிட்டு வேலையில்லாமல் நிற்கும் இளைஞர்களுக்கு இடம் வேண்டும் என்பதே அரசு சொன்ன காரணம். 55 வயது ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிய முதலமைச்சருக்கு அப்போது வயது 59. அவருடைய உழைப்பையோ நோக்கத்தையோ நான் குறை சொல்லவில்லை. ஆள்வதற்கு வயது தடையில்லை என்று நம்பிய ஒரு சமூகம், கோப்பு எழுதுவதற்கு மட்டும் 55 போதும் என்று எப்படி முடிவுசெய்தது என்பதே கேள்வி.

ஊழியர்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். கே. நாகராஜ் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் இன்றும் படிக்கப்படும் அந்த வழக்கில், தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான அமர்வு 1985 ஜனவரி 18 அன்று தீர்ப்பளித்தது. ஓய்வு வயதை நிர்ணயிப்பது அரசின் கொள்கை முடிவு, 55 என்பது நியாயமற்ற அளவுக்குக் குறைவானதல்ல என்று நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. ஆனால் தீர்ப்பு வருவதற்குள் அந்த வயதே மாறிவிட்டது. 1984 ஆகஸ்டில் ராமராவ் பதவியிலிருந்து அகற்றப்பட்டு, நாதெண்ட்ல பாஸ்கர ராவ் ஒரு மாதம் முதலமைச்சராக இருந்தார். அந்த ஆகஸ்ட் 23 அன்று ஓய்வு வயது மறுபடி 58 ஆனது. இடைப்பட்ட பதினெட்டு மாதங்களில் வெளியே அனுப்பப்பட்டு இன்னும் 58 நிறையாமல் இருந்தவர்களுக்கு அந்தப் பலன் இல்லை என்றது சட்டம். பி. பிரபாகர ராவ் வழக்கில் நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி 1985 ஆகஸ்டில் அந்தப் பாகுபாட்டைச் செல்லாதென்றார். ஒரே மேசை, ஒரே மனிதர், ஒரே உடம்பு. இரண்டு வருடத்துக்குள் 58, 55, 58. இந்த மூன்று எண்களில் எதையும் மருத்துவர் எழுதவில்லை. காலியிடம், பென்ஷன் செலவு, ஆட்சி மாற்றம் இவையே எழுதின.

விமானிகளின் ஓய்வு வயதைப் பற்றிப் பேசும்போது நாம் இதை மறந்துவிடுகிறோம். அங்கே இருப்பது பயணிகளின் உயிர், ஆகவே அங்குள்ள எண் அறிவியலில் பிறந்திருக்கும் என்று நினைக்கிறோம். அதன் பிறப்பையும் பார்ப்போம். அமெரிக்காவில் 1950-களின் இறுதியில் ஜெட் விமானங்கள் வந்தன. மூத்த விமானிகளுக்குப் புதிய விமானத்தில் பயிற்சி கொடுப்பது நிறுவனங்களுக்குச் செலவாகத் தெரிந்தது. சில நிறுவனங்கள் தாங்களாகவே 60 வயதில் வெளியேற்ற முயன்று, தொழிற்சங்கங்களோடு நடந்த மத்தியஸ்தத்தில் தோற்றன. 1959 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் சி.ஆர். ஸ்மித், மத்திய விமானத்துறையின் தலைவர் எல்வுட் கெசாடாவுக்குக் கடிதம் எழுதி, அரசே 60-ஐ வரம்பாக்கக் கேட்டார். அந்த டிசம்பரில் விதி வெளியானது. 1960 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. 1961-ல் கெசாடா அதே நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் சேர்ந்தார். வயது ஏற ஏற மாரடைப்பு போன்ற அபாயங்கள் கூடும், யாருக்கு எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை இல்லை என்று அரசு அன்று சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் அந்த உண்மை 60-ஐ நோக்கிக் கைகாட்டவில்லை. 58-க்கும் 63-க்கும் அதே வாதம் பொருந்தியிருக்கும். 60-ஐத் தேர்ந்தது நிறுவனங்களின் தேவை.

அதற்குப் பின்வந்த ஆண்டுகளின் இந்திய விமானங்களுக்குள் எட்டிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஏர் இந்தியாவில் ஆண் பணியாளர் 58 வரை பறக்கலாம்; அதே பயணிகளுக்கு அதே உணவைப் பரிமாறிய விமானப் பணிப்பெண்ணுக்கு 35. அதற்குமேல் 45 வரை நீட்டிப்பது நிர்வாக இயக்குநரின் விருப்பம். 1981-ல் நெர்கேஷ் மீர்ஸா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விருப்ப அதிகாரத்தையும், முதல் கர்ப்பத்தோடு வேலை போகும் என்ற விதியையும் ரத்து செய்தது. வானில் 35 என்ற எண்ணுக்கு எந்த உடலியல் காரணமும் இருந்ததில்லை.

ஹைதராபாத்தை இந்த வாதத்துக்கு உரிய இடமாக்குவது இன்னொன்று. தலைமைச் செயலகம் எண்ணை வைத்து மனிதரை அளந்த இதே நகரத்தில், மனிதரையே நேரில் அளக்கும் மரபும் வேரூன்றியிருந்தது. நிஜாம் அரசும் டாடாவும் சேர்ந்து 1945-ல் தொடங்கிய டெக்கான் ஏர்வேஸுக்கு பேகம்பேட்டைதான் தளம். வேறு நிறுவனங்கள் பெண் என்பதற்காக மறுத்த பிரேம் மாத்தூரை விமானியாகச் சேர்த்துக்கொண்டது அந்த நிறுவனம். 1953-ல் அது இந்தியன் ஏர்லைன்ஸில் கலந்தது. பின்னாளில் இந்தியன் ஏர்லைன்ஸின் மத்தியப் பயிற்சி மையம் செகந்திராபாத்தை ஒட்டி அமைந்தது. நாட்டின் பல ஊர்களிலிருந்தும் விமானிகள் இங்கே வந்து சிமுலேட்டரில் உட்கார்ந்தார்கள். எஞ்சின் நின்றால் என்ன செய்வார், புகை வந்தால் என்ன செய்வார், பக்கத்து இருக்கையில் இருப்பவர் மயங்கிச் சாய்ந்தால் என்ன செய்வார் என்று ஒவ்வொருவரையும் சோதித்தார்கள். வருடத்துக்கு இரண்டு முறை திறன் சோதனை, அதற்கும் மேல் மருத்துவச் சோதனை என்பது உலக நியதி. 60 தாண்டியவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை உண்டு. இவ்வளவு அடிக்கடி அளக்கப்படும் தொழில் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. அளவுகோல் கையில் இருக்கும் இடத்தில் பிறந்த தேதியை நம்பி நிற்பது அநியாயம் என்பதே என் வாதம்.

எல்லா வயது வரம்பும் தவறு என்று நான் சொல்லவில்லை. செகந்திராபாத்தின் திருமுல்கேரி கன்டோன்மென்ட்டில் நாற்பதை ஒட்டிய வயதிலேயே படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். ஒரு காலாட்படையைக் கூட்டமாக இளமையோடு வைத்திருப்பது போர்த் தேவை. அதற்கு ஈடாக அரசு அவர்களுக்கு அந்த வயதிலேயே பென்ஷன் தருகிறது, வேறு வேலைகளில் இடஒதுக்கீடு தருகிறது. அந்த வரம்புக்குக் காரணமும் இருக்கிறது, நஷ்டஈடும் இருக்கிறது.

இனி மறுப்புகள். நடுவானில் திடீரென விமானி செயலிழந்தால் என்பது முதலாவதும் கனமானதும். அபாயம் வயதோடு கூடுகிறது என்பது உண்மை. அதனால்தான் இருவர் ஓட்டுகிறார்கள். 2006 நவம்பரில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வரம்பை 65-ஆக உயர்த்தியபோது, உடன் ஓட்டுபவர் 60-க்குக் கீழ் இருக்கவேண்டும் என்றது. அந்த நிபந்தனையையும் 2014-ல் நீக்கிவிட்டது. விமான மருத்துவத்தில், ஒருவர் ஓராண்டில் செயலிழக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றைத் தாண்டக்கூடாது என்ற அளவுகோல் பல நாடுகளில் பயன்படுகிறது. அது அவரவர் இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துச் சொல்வது. ஜப்பான் 2015 முதல் 67 வரை அனுமதிக்கிறது. மறதி, கவனச் சிதறல் போன்றவற்றை இன்றைய சோதனைகள் போதுமான அளவு பிடிக்கவில்லை என்றால், அந்தச் சோதனைகளைக் கடுமையாக்குவதை நான் முழுமனதாக ஆதரிப்பேன்.

இளைஞர்களின் வழி அடைபடும் என்பது இரண்டாவது; 1983-ல் சொன்ன அதே காரணம். கடன் வாங்கி உரிமம் பெற்று வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் தவிப்பு எளிதல்ல. ஆனால் விமானத்தில் கேப்டன் இல்லாமல் துணை விமானிக்கு இருக்கையே கிடையாது. கேப்டன் பற்றாக்குறையால் இந்திய நிறுவனங்கள் வெளிநாட்டவரை அமர்த்தியிருக்கின்றன. அனுபவமுள்ள கேப்டன் ஒருவர் நீடித்தால் இளையவர் ஒருவருக்குப் பக்கத்து இருக்கை கிடைக்கிறது.

மூன்றாவதைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்: நிலையான வயது தொழிலாளிக்குக் காவல், அதை எடுத்துவிட்டால் நிர்வாகம் வேண்டியவரை வைத்துக்கொண்டு வேண்டாதவரைத் தகுதியில்லை என்று தள்ளும். பணிப்பெண்கள் வழக்கில் நீதிமன்றம் கண்டித்தது இப்படிப்பட்ட அதிகாரத்தைத்தான். ஆகவே அளப்பவர் முதலாளியாக இருக்கக்கூடாது. விமானியின் உரிமத்தை அரசு தருகிறது, நிறுவனம் தருவதில்லை, மேல்முறையீடும் உண்டு. 58-லோ 60-லோ முழுப் பென்ஷனோடு விலகும் உரிமையும் அப்படியே இருக்கட்டும். விலகும் உரிமை வேறு, விலக்கப்படும் கட்டாயம் வேறு.

தெலங்கானா 2021-ல் அரசு ஊழியர் ஓய்வு வயதை 61 ஆக்கியது. ஆந்திரம் 2022-ல் 62 ஆக்கியது. 1983-ல் 55-ல் கிழவராகக் கருதப்பட்டவர், இன்றானால் இன்னும் ஏழாண்டு வேலை செய்திருப்பார். விமானிகளுக்கு 67 வேண்டும் என்ற விமான நிறுவனங்களின் கோரிக்கையை சர்வதேச அமைப்பின் பேரவை 2025-ல் ஏற்கவில்லை. ஏற்றிருந்தாலும் அது இன்னொரு எண்தான். இந்திய விமானிகளின் மருத்துவ முடிவுகள் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ-யிடம் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கின்றன. பெயர்களை நீக்கி, வயதுவாரியாக அவற்றை அது வெளியிட வேண்டும். 65-ஐ ஏற்றுவதா, குறைப்பதா, நீக்குவதா என்ற விவாதத்தை அதன்பிறகு நடத்துவோம்.