ஆளில்லா நிறுவலும் பழுதறிதலும்

அலுவலகக் கணினிகளுக்கான மென்பொருள் பிளாப்பி வட்டுகளில் வந்த காலத்தில், வட்டை மாற்றுவதும் திரையில் தோன்றும் கேள்விக்கு விடையளிப்பதும் பிழைச் செய்தியைப் படித்து மாற்று வழி தேடுவதும் மேசைக்கு எதிரில் அமர்ந்த ஒரே ஊழியரின் பணியாக இருந்தன. பயனர் உள்நுழையும்போது தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பாகிய லாகின் ஸ்கிரிப்ட் இப்பணியில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது. 1994-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட சிஸ்டம்ஸ் மேனேஜ்மென்ட் சர்வர் போன்ற கருவிகள், ஓரிடத்திலிருந்தே பல கணினிகளுக்கு மென்பொருளை அனுப்பும் முறையைப் பரப்பின. நிறுவல் இவ்வாறு ஆளில்லாமல் நடக்கத் தொடங்கியபோது, பிழைச் செய்தியைப் படிப்பவரும் இல்லாமற்போனார். பழுதறிதல் தனித்திறனாக வளர்ந்ததற்கு இதுவே முதற்காரணம்.

படிப்பவர் இல்லாத இடத்தைப் பதிவுக்கோப்பு நிரப்பியது. 1999-இல் ஆபீஸ் 2000 தொகுப்புடன் அறிமுகமான விண்டோஸ் இன்ஸ்டாலர், நிறுவவேண்டிய கோப்புகளையும் செய்யவேண்டிய படிகளையும் ஒரு தரவுத்தளமாக எம்எஸ்ஐ கோப்பில் அடக்கியதோடு, நிறுவல் இடையில் முறிந்தால் கணினியைப் பழைய நிலைக்கே திருப்பவும் கேட்டுக்கொண்டால் ஒவ்வொரு படியையும் எழுதிவைக்கவும் வல்லதாக இருந்தது. 1603 என்னும் பிழை எண் நிறுவல் தோற்றதை மட்டுமே சொல்லும். தோற்ற படி 3 என்னும் விடையுடன் முடிந்திருக்கும் வரியைப் பதிவில் தேடி, அதற்குச் சற்று மேலே உள்ளவற்றைப் படித்தால்தான் உண்மைக் காரணம் பெரும்பாலும் தெரியவரும். 3010 என்பதோ பிழையே அன்று. நிறுவல் முடிந்தது, கணினியை மறுதொடக்கம் செய்க என்பதே அதன் பொருள். சுழியம் அல்லாத எண் யாவும் தோல்வியே என்று கருதி எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகள், நன்கு முடிந்த நிறுவலையும் தோல்விக் கணக்கில் சேர்த்தன.

2000-ஆம் ஆண்டில் விண்டோஸ் 2000 கொண்டுவந்த குரூப் பாலிசி, அதாவது நிர்வாகி ஓரிடத்தில் வகுக்கும் விதிகளைக் கணினிகள் தாமே எடுத்துச் செயற்படுத்தும் ஏற்பாடு, புதுவகைக் கோளாறு ஒன்றையும் உடன் கொணர்ந்தது. கணினிக்கென ஒதுக்கப்பட்ட மென்பொருள், எவரும் உள்நுழைவதற்கு முன்பே, கணினி தொடங்கும் வேளையில் நிறுவப்படுகிறது. அப்போது சர்வரிடம் கோப்பைக் கேட்பது மனிதர் எவருமல்லர், அலுவலகக் கணினிகளையும் பயனர்களையும் ஒன்றாக நிர்வகிக்கும் டொமைனில் அந்தக் கணினிக்கென உள்ள கணக்கே. நிர்வாகி தம் பெயரில் உள்நுழைந்து பார்க்கும்போது எளிதில் திறக்கும் பகிர்வுக் கோப்புறை, படிக்கும் உரிமை பெறாத கணினிக் கணக்குக்குத் திறப்பதில்லை. பயனர் உள்நுழைந்த பின்னரே உருவாகும் இசட் போன்ற இயக்கக எழுத்தைக் கொண்டு எழுதிய பாதையும், கணினி தொடங்கும் நேரத்தில் எங்கும் இட்டுச்செல்வதில்லை. எனவே இத்தொழிலில் கோளாறு பெரும்பாலும் மென்பொருளுக்குள் இல்லை. கணினி யாராக, எப்போது, எந்த வழியில் கேட்கிறது என்பதில்தான் இருக்கிறது.

எப்போது என்னும் கேள்வியை 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி கூர்மையாக்கியது. விரைவாகத் தொடங்கவேண்டும் என்பதற்காக அது வலையமைப்புக்குக் காத்திராமல் உள்நுழைவுத் திரையைக் காட்டியதால், மென்பொருள் வந்து சேர இரண்டு தொடக்கங்கள் வரை தேவைப்பட்டன. வலையமைப்பில் சுற்றுவழி ஏற்படாமல் காக்கும் ஸ்பானிங் ட்ரீ நெறிமுறையின் பழைய இயல்புநிலைப்படி, சுவிட்சின் இணைப்புமுனை தரவைக் கடத்தத் தொடங்குவதற்கே 30 விநாடி பிடித்தது. கணினியைக் குறைகூறி நாள்கள் கழிந்தபின் சுவிட்சில் காரணம் காணும் நிலை இதனால் எழுந்தது. வலையமைப்புக்குக் காத்திருக்கச் சொல்லும் ஒரு கொள்கை அமைப்பும், சுவிட்ச் முனையில் அத்தாமதத்தைத் தவிர்க்கும் அமைப்பும் இதற்குத் தீர்வாயின.

யாராக என்னும் கேள்வி, திருத்தங்களைப் பரப்பும் பணியில் மீண்டும் எழுந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு பரவியபோது, அதைத் தடுக்கும் திருத்தம் வெளிவந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை; திருத்தங்களை விரைந்து சேர்ப்பதன் தேவையை அது உணர்த்தியது. 2005-இல் டபிள்யூஎஸ்யூஎஸ் என்னும் திருத்த சர்வர் வந்தபின், ஒரே வட்டுப்படியிலிருந்து நகலெடுத்த கணினிகள் அடையாள எண்ணையும் பகிர்ந்துகொண்டதால், சர்வர் அவற்றை ஒரே கணினியாக எண்ணிப் பட்டியலில் மாறிமாறிக் காட்டியது. அந்த எண்ணை அழித்துப் புதிதாக உருவாக்கச் செய்வதே இதற்கு மருந்து.

கணினியின் அடையாளத்தை மறந்ததன் விளைவு 2016 ஜூனில் பரவலாக வெளிப்பட்டது. அம்மாதம் வந்த எம்எஸ்16-072 என்னும் பாதுகாப்புத் திருத்தம், பயனருக்கான கொள்கைகளையும் கணினிக் கணக்கின் வழியே பெறும்படி மாற்றியதால், குறிப்பிட்ட பயனர் குழுவுக்கு மட்டும் உரிமை தந்து மற்ற உரிமைகளை நீக்கியிருந்த அலுவலகங்களில் கொள்கைகள் செயலிழந்தன. கணினிக் கணக்குகளுக்குப் படிக்கும் உரிமையைச் சேர்த்ததும் அவை மீண்டும் இயங்கின.