கமரா முக்காலி

கமராவை அசைவறத் தாங்கும் மூன்றுகால் சாதனம் முக்காலி எனப்படும். பொகவந்தலாவையில் அடக்கமான புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் (1815–1879) கண்ணாடித் தகட்டில் உருவம் பதியப் பல விநாடிகள் காத்திருந்த காலத்தில் இன்றியமையாததாயிருந்த இது, விநாடியின் நூற்றிலொரு பங்கில் படமெடுக்கும் இக்காலத்திலும் அந்தியிலும் மூடுபனியிலும் தன் அவசியத்தை இழக்கவில்லை.

அப்புத்தளைக்கு வழி பிரியும் பெரகலச் சந்தியில், கீழே தென்சமவெளி விரிந்து கிடக்க, மலையிடுக்கில் காற்று வீசும்போது, தூக்குவதற்கு இலகுவென்று வாங்கிய மெல்லிய முக்காலி நாணல்போல் நடுங்கும். ஆதலின் பாரமும் தடித்த கால்களும் உடையதையே தெரிந்தெடுத்தல் உத்தமம். நடுத்தண்டை உயர்த்தாது, அதன் கொக்கியில் பையை நிலம் தொடுமாறு தொங்கவிட்டு, ஒரு காலைச் சரிவின் கீழ்ப்புறம் நீட்டி ஊன்றுக. தேயிலை நிரைகளுக்கிடையே மூன்று கால்களையும் விரிக்க இடமிராது. அங்கே ஒற்றைக்கால் தாங்கியே உபயோகம். மதிற்சுவர் வாய்த்தால் அதன்மேல் கமராவைத் தாங்க அரிசி நிரப்பிய துணிப்பையும் போதுமானது.