டர்ட்டி கவ்: ஒரு பிழையின் அலைச்சல்

2005 ஆகஸ்டில் லினக்ஸ் கெர்னலின் நினைவகப் பகுதியில் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு திருத்தம் போட்டார். நினைவகத்தின் ஒரு பக்கத்தில் எழுத அனுமதி உண்டா என்று கெர்னல் பார்ப்பது ஒரு கணம், எழுதுவது இன்னொரு கணம். நடுவே வேறொரு த்ரெட் புகுந்து குழப்பலாம். அந்த இடைவெளியை அடைக்கத்தான் திருத்தம். ஆனால் விரைவிலேயே அதை விலக்க வேண்டியதாயிற்று. பக்கத்தில் எழுதியாயிற்றா என்பதைச் சொல்லும் ‘டர்ட்டி’ குறியை அது நம்பியிருந்தது. ஐபிஎம்மின் எஸ்390 பெருங்கணினிகளிலோ அந்தக் குறி மற்றக் கணினிகளைப் போலப் பக்க அட்டவணையில் இருப்பதில்லை. யாருக்கும் அப்போது பெரிய கவலை இல்லை. காகிதத்தில் மட்டும் சாத்தியமான ரேஸ் கண்டிஷன் என்றே அதை நினைத்தார்கள்.

ஆபத்து எங்கே ஒளிந்திருந்தது? ஒரு கோப்பைப் படிக்க மட்டும் உரிமையுள்ள நிரல், அதைத் தனக்கென நினைவகத்தில் ஏற்றி, அதில் எழுத முயன்றால், கெர்னல் மூலத்தைத் தொடாமல் நகல் எடுத்துக் கொடுக்கும். இதுதான் காப்பி ஆன் ரைட். பத்திரத்தில் கிறுக்க வருபவனுக்கு எழுத்தர் ஜெராக்ஸ் எடுத்து வைத்துவிட்டு, ‘இவன் எழுத வந்தவன்’ என்ற குறிப்பை அழித்துவிடுகிறார் என்று வையுங்கள். அந்த நேரம் பார்த்து ஜெராக்ஸை ஒருவன் கிழித்தெறிகிறான். எழுத்தர் திரும்பிப் பார்க்கிறார். படிக்க வந்தவன்தானே என்று மூலப் பத்திரத்தையே நீட்டுகிறார். கெர்னலில் கிழிக்கும் வேலையைச் செய்தது ‘மட்வைஸ்’ என்ற சாதாரண அழைப்பு. ஒரு த்ரெட் அதை ஓயாமல் கூப்பிட, இன்னொன்று ஓயாமல் எழுத, ஏதாவது ஒரு சுற்றில் இரண்டும் சரியாக மோதும். ரூட் எனும் நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமான கோப்பே மாறிவிடும்.

2007இல் வெளியான 2.6.22 பதிப்பு முதல் சர்வர்களிலும், பின்னாளில் ஆண்ட்ராய்டு போன்களிலும் இந்த ஓட்டை குடியிருந்தது. 2016இல் அதைப் பிடித்தவர் பில் ஓஸ்டர். தாக்கப்பட்ட ஒரு சர்வருக்கு வந்த இணையப் போக்குவரத்தை அவர் பதிவு செய்து வைத்திருந்தார். ஓட்டையைப் பயன்படுத்திய நிரல் அதிலேயே சிக்கியது. காகிதத்து ஆபத்து எப்போதோ களத்துக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பிழைக்கு ‘டர்ட்டி கவ்’ என்று ஒரு பெயர், மாட்டுப் படத்தோடு ஒரு சின்னம் என்று கொஞ்சம் திருவிழாவும் நடந்தது. எனக்கு அதைவிட அந்த அக்டோபரில் டோர்வால்ட்ஸ் எழுதிய திருத்தக் குறிப்புதான் சுவையானது. பதினோரு வருடத்துக்கு முன் தான் இதை மோசமாகச் சரிசெய்ய முயன்றதையும், எஸ்390 சிக்கலால் அது விலக்கப்பட்டதையும் அதில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். எஸ்390 இடைஞ்சல் தீர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது; திரும்பிப் பார்க்கத்தான் ஆளில்லை.

இம்முறை ‘எழுத வந்தவன்’ குறிப்பை அழிக்கவில்லை. ‘நகல் எடுத்தாயிற்று’ என்று தனிக் கொடி ஒன்று சேர்ந்தது. கொடி இருந்து, பக்கத்தில் டர்ட்டி குறியும் இருந்தால்தான் எழுத வழி. மாறியவை சில வரிகள்தாம். போன்களுக்கு அவை போய்ச் சேரத் தாமதமானது. 2017இலும் ஸ்னியூ என்ற ஆண்ட்ராய்டு தீநிரல் இதே ஓட்டையைப் பயன்படுத்தியது.

அதே ஆண்டு நவம்பரில் கதை இன்னொரு திருப்பம் எடுத்தது. டர்ட்டி என்றால் நகல் எடுத்தது என்றுதான் அர்த்தம் என்று திருத்தம் நம்பியிருந்தது. வழக்கத்தைவிடப் பெரிய நினைவகப் பக்கங்களான பெரும்பக்கங்களைக் கையாளும் பகுதியோ, வெறுமனே படிக்கத் தொட்டாலும் அந்தக் குறியைப் போட்டுக்கொண்டிருந்தது; அதனால் அங்கே ஓட்டை மறுபடி திறந்தது. எழுதுவதற்காகத் தொட்டால் மட்டும் குறி போடு என்று மாற்றினார் கெர்னல் நிரலாளர் கிரில் ஷுதெமோவ்.