பணயமாக நின்ற சிறுவன்

'வில்லியம் மார்ஷலின் வரலாறு' என்ற நெடுங்கவிதை பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். இங்கிலாந்துப் பிரபு ஒருவரின் கதை இது. ஆயினும் பாடப்பட்ட மொழி பிரெஞ்சு. அக்காலத்தில் அந்நாட்டுப் பிரபுக்களின் பேச்சுமொழி அதுவே. 1220களில் ஜோன் என்ற கவிஞர் பத்தொன்பதாயிரத்துக்கும் அதிகமான அடிகளில் இதனை இயற்றினார்.

இதிலுள்ள போர்க்களக் காட்சிகளைவிட, பணயமாக வைக்கப்பட்ட பிள்ளைகளே என் மனதில் நிற்கிறார்கள்.

1152 ஆம் ஆண்டு. நியூபரிக் கோட்டையை ஸ்டீபன் மன்னர் முற்றுகையிடுகிறார். கோட்டைக்குரிய ஜோன் மார்ஷல் அவகாசம் கேட்டு, ஐந்து வயதளவான தம் மகன் வில்லியமைப் பணயமாகக் கொடுக்கிறார். பின்னர் வாக்கை மீறுகிறார். சிறுவனைத் தூக்கிலிடுவோம் என்கிறார்கள். வேறு பிள்ளைகளைப் பெற்றுக்கொள்ளலாம் என்ற பொருளில் தந்தை பதில் அனுப்புகிறார்! மனமிரங்கிய மன்னர் பிள்ளையைக் கொல்லவில்லை.

நான்காவது மகனான வில்லியமுக்குத் தந்தைவழி நிலம் கிடைக்கவில்லை. போர்விளையாட்டுகளில் வீரர்களைச் சிறைப்பிடித்து, அவர்களை மீட்கக் கிடைத்த பணத்தாலும் குதிரைகளாலும் முன்னேறினார். 1189 இல் இசபெல் டி கிளேயரை மணந்தார். வேல்ஸ் எல்லையிலும் அயர்லாந்தின் லென்ஸ்ரரிலும் இருந்த பெருநிலங்கள் அந்தப் பெண்ணின் உரிமையாகவே அவர் கைக்கு வந்தன. 1199 இல் பெம்புறோக் பிரபுவானார்.

நிலம் வந்ததும் பழைய கதை திரும்பியது. நோர்மண்டியிலிருந்த தமது நிலங்களைக் காக்க 1205 இல் பிரெஞ்சு மன்னருக்கு விசுவாசம் தெரிவித்தார். ஜோன் மன்னர் சினந்தார். மூத்த மகனையும் பின்னர் இரண்டாம் மகனையும் பணயமாகக் கேட்டார். ஒருகாலத்தில் பணயமாக நின்ற அதே மனிதர் பிள்ளைகளைக் கொடுத்தார். ஆனால், தம் தந்தையைப் போல் அவர் வாக்கை மீறவில்லை. இந்த ஒரு வேறுபாட்டிலேயே அவரது பெருமையை நான் காண்கிறேன்.

1216 இல் ஜோன் மன்னர் இறந்தபோது, ஒன்பது வயது மூன்றாம் ஹென்றியின் சார்பில் ஆட்சிப் பொறுப்பு வில்லியமிடம் வந்தது. எழுபதை எட்டிய அம்முதியவர் மாக்னா கார்ட்டாவை மீண்டும் வெளியிட்டார். 1217 இல் லிங்கன் போரில் தாமே களமிறங்கி வென்றார். 1219 இல் மறைந்தார். லண்டன் ரெம்பிள் தேவாலயத்தில் அவரது கல்லறைச் சிற்பம் இன்றும் உண்டு.

நிலங்கள் என்னவாயின? அவருடைய ஐந்து ஆண்மக்களும் 1245 ஆம் ஆண்டுக்குள் வாரிசின்றி மறைந்தனர். எல்லாம் ஐந்து மகள்மாரின் வழியில் சிதறிப் போயின.

எஞ்சியது, மூத்த மகன் தந்தைக்காகப் பாடுவித்த இக்கவிதை. புகழ்பாட எழுந்த நூலாதலால் அதனை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். அதுவும் நூற்றாண்டுகளாக மறைந்தே கிடந்தது. 1861 இல் லண்டன் ஏல விற்பனையொன்றில் போல் மேயர் என்ற பிரெஞ்சு அறிஞர் அதன் கைப்பிரதியைக் கண்டார். அது வேறொருவர் கைக்குப் போய்விட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேடி, மீண்டும் கண்டு பதிப்பித்தார். தந்தையொருவர் துச்சமாக எண்ணிய ஒரு சிறுவனின் கதை அவ்வாறே நம்மை வந்தடைந்திருக்கிறது.